ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, நாள்தான் நகர மாட்டேன் என்கிறது

வாசகியின் கடிதம்:

"ஐயா, எனக்கு வயது 37. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். என் கணவர் லாரி ஓட்டினார். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் மூலமாக எனக்கும் எச்.ஐ.வி. வந்தது. அப்போதிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். தருமபுரியில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று கிருஷ்ணகிரிக்குப் போய்த்தான் வாங்கி வருகிறேன். மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு நோய் இல்லை. எனக்கு இருப்பது அவனுக்குத் தெரியாது. மாமியாருக்குத் தெரியும்.

போன முறை டாக்டர், 'ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருக்கும்மா, கிருமியே தெரியல' என்றார். ஆனால் ஏழெட்டு மாதமாக எனக்கு எதுவும் ஓடவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். விடிந்தால் எழுந்திருக்கக் கை கால் வருவதில்லை. சாயங்காலம் கொஞ்சம் தேவலை. வாசல் தெளித்துப் பல நாள் ஆகிறது. புளி உடைக்கிற வேலையில் எங்கள் தெருவில் நான்தான் அதிகம் எடை போடுவேன். இப்போது புளியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், நேரம் அப்படியே போய்விடும். களி அடிப்பிடித்து வாடை வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வருகிறது. நூறு நாள் வேலைக்கும் போகவில்லை. மாதத்தில் மூன்று நான்கு நாள் மாத்திரை விட்டுப்போகிறது. சில நாள், தூங்கினவள் எழுந்திருக்காமல் போனால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது. மாமியார், 'உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டார், உனக்குச் சோம்பேறித்தனம்' என்கிறார். கொழுந்தனார், அம்மா வீட்டுக்குப் போய்விடு என்கிறார்.

நோய் முற்றிவிட்டதா? இல்லை நிஜமாகவே நான் சோம்பேறி ஆகிவிட்டேனா? எங்கள் ஊர் நர்ஸம்மா மனநல டாக்டரைப் பார் என்கிறார். ஏற்கெனவே ஒரு பெயரைச் சுமக்கிறேன். பைத்தியம் என்று இன்னொரு பெயரும் எனக்கு வேண்டுமா?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தின் நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், தூங்கினவள் எழுந்திருக்காமல் போனால் தேவலை என்று. அதை முதலில் பேசிவிடுவோம். இந்த எண்ணம் வருகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலோர் வெளியே சொல்வதே இல்லை. நீங்கள் எழுதியது நல்லது. உங்களிடம் நேராகவே ஒன்று கேட்கிறேன். இது சலிப்பில் வந்து போகிற எண்ணமா, இல்லை எப்படி, எப்போது என்கிற அளவுக்கு யோசனை போகிறதா? அப்படிப் போகிறது என்றால் மீதியைப் பிறகு படிக்கலாம். இப்போதே 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. காசு இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104இலும் பேசலாம். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால், ஏதாவது காரணம் சொல்லி வேறு இடத்தில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். சாவி உங்களிடம் இருக்க வேண்டாம். அந்த நர்ஸம்மா நல்ல மனுஷியாகத் தெரிகிறார். எச்.ஐ.வி. பற்றி அவரிடம் பேசாவிட்டாலும் இந்த ஒரு எண்ணத்தை மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். நோய் முற்றவில்லை. நீங்கள் சோம்பேறியும் இல்லை. தெருவிலேயே அதிகம் எடை போட்ட ஒருத்தி ஒரு நாள் காலையில் சோம்பேறியாக மாறிவிட மாட்டாள். மூன்று மணிக்குக் கலையும் தூக்கம், காலையில் கல்லாகக் கனக்கும் உடம்பு, சாயங்காலம் கொஞ்சம் தேவலையாவது, கை வேலையில் கவனம் நிற்காமல் போவது, பிடித்த காரியத்திலும் நாட்டம் விட்டுப்போவது, போய்ச் சேர்ந்தால் தேவலை என்கிற நினைப்பு. இவை எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு மருத்துவத்தில் மனச்சோர்வு என்று பெயர். உங்களுக்கு ஏழெட்டு மாதமாக நீடித்திருக்கிறது. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்யக் கூடாது, நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் என் முன்னால் உட்கார்ந்து இதையே நீங்கள் சொல்லியிருந்தால் எனக்குப் பெரிய சந்தேகம் இருந்திருக்காது.

அப்படியென்றால் டாக்டர் சொன்னது தப்பா? தப்பில்லை. அவர் கையில் இருந்தது வைரல் லோடு ரிப்போர்ட். ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று அது எண்ணிச் சொல்லும். 'தெரியல' என்றால் பரிசோதனையில் பிடிபடாத அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று பொருள். கிருமி உடம்பை விட்டு முழுதாகப் போய்விடவில்லை, மாத்திரை அதை அடக்கி வைத்திருக்கிறது. அந்த நிலையில் இருக்கும்வரை உடலுறவு மூலமாக இன்னொருவருக்குப் பரவாது. இது பெரிய விஷயம், நீங்கள் ஒன்பது வருடமாகப் பாடுபட்டுச் சம்பாதித்தது. ஆனால் அந்தத் தாளில் தூக்கத்துக்குக் கட்டம் கிடையாது. பசிக்கும் கிடையாது, இன்றைக்கு எத்தனை கிலோ புளி உடைத்தீர்கள் என்பதற்கும் கிடையாது. டாக்டர் தாளைப் பார்த்துச் சொன்னார். உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று அவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

இதில் அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இந்தியாவில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சையை (ஏ.ஆர்.டி.) அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1ஆம் தேதி. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அந்த முதல் எட்டு மையங்களில் ஒன்று.  அதற்கு முன்பு இந்தப் பக்கத்தில் லாரிக்காரர் குடும்பங்களில் எத்தனை சாவு விழுந்தது என்று வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆளைச் சாகாமல் காப்பாற்றுவதுதான் அன்று முழு வேலை. சிகிச்சையின் அளவுகோல்கள் எல்லாம் அந்தக் காலத்தில் உருவானவை. இப்போது நன்றாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையை மொத்தமாகவே கொடுத்து அனுப்புகிறார்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாதாமாதம் ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுகிற பத்து நிமிடமும் அதோடு போய்விட்டது. உங்களைப் போன்றவர்கள் கண்ணில் படாமல் போவது இப்படித்தான்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வருவது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கிருமி அடங்கியிருந்தாலும் உடம்பு உள்ளுக்குள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பது ஒரு காரணம். நான் பார்த்தவரையில் அதைவிடப் பெரிய காரணம் மறைப்பது. பஸ்ஸில் டப்பா குலுங்கினால் சத்தம் கேட்கும் என்று உள்ளே பஞ்சு அடைத்துக்கொண்டு போகிறவர்களை எனக்குத் தெரியும். லேபிளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, மாத்திரையைக் கேழ்வரகு டின்னுக்குள் புதைத்து வைக்கிறவர்களும் உண்டு. (பஞ்சு வைப்பதென்றால் வையுங்கள். ஆனால் மாத்திரையை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். உள்ளே இருக்கிற சின்னப் பொட்டலத்தையும் தூக்கிப் போடாதீர்கள், ஈரம் ஏறாமல் காப்பது அதுதான்.) தருமபுரி இருக்க கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறுகிறீர்கள். மகன் கேட்டால் சொல்ல ஒரு காரணம், பக்கத்து வீட்டுக்கு இன்னொரு காரணம். ஒன்பது வருடம் இப்படிக் காவல் காத்த மனசு ஒரு கட்டத்தில் ஓய்ந்துபோவது அதிசயமில்லை.

ஆனால் ஏன் இப்போது? கணவர் போனது ஒன்பது வருடத்துக்கு முன்பு. ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. கொழுந்தனார் அம்மா வீட்டுக்குப் போ என்று சொல்ல ஆரம்பித்தது எப்போது? யோசித்துப் பாருங்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

முதலில் உடம்பில் வேறு குறை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, சர்க்கரை, இவற்றில் எது இருந்தாலும் இதே மாதிரி அசதி வரும். இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இவற்றில் எது இருந்தாலும் காசநோய்க்கும் பார்க்கச் சொல்லுங்கள். களி அடிப்பிடிப்பதைப் பார்த்து, கிருமி மூளைக்குப் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். கிருமி அடங்கியிருப்பவரின் மறதிக்குத் தூக்கமின்மையும் மனச்சோர்வும்தான் பெரும்பாலும் காரணம். தினம் போகிற வழி மறப்பது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் கை கால் பலம் குறைவது, இதெல்லாம் இருந்தால்தான் உடனே ஓட வேண்டும்.

மாத்திரையையும் பார்த்துவிடுவோம். நீங்கள் இப்போது சாப்பிடுவது பெரும்பாலும் டி.எல்.டி. என்கிற ஒற்றை மாத்திரையாக இருக்கும். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன. டோலுடெகிராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். ராத்திரி போடுகிறவர் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முன்பு கொடுத்த ஈஃபாவிரென்ஸ் கலந்த மாத்திரையில் தலைசுற்றலும் பயங்கரக் கனவும் வரும், அதனால்தான் படுக்கும்போது போடச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்திலேயே புது மாத்திரையையும் ராத்திரியில் போட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரையோ கால்சியமோ கொடுத்தால், வயிற்றெரிச்சலுக்கு மருந்து குடித்தால், அவற்றை இதோடு சேர்த்துப் போடாதீர்கள். எச்.ஐ.வி. மாத்திரையைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவற்றைப் போட வேண்டும். அவற்றை முதலில் போட்டுவிட்டால் எச்.ஐ.வி. மாத்திரைக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

மாதத்தில் மூன்று நான்கு நாள் விடுவதை மையத்தில் மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில் 'ஒரு நாளும் விடல சார்' என்று சொல்வதுதான் வழக்கம். நீங்கள் உண்மையைச் சொன்னால்தான், ஏன் விட்டுப்போகிறது என்ற பேச்சு வரும், அதிலிருந்து தூக்கத்துக்கும் மனசுக்கும் பேச்சு போகும். இப்போது ரிப்போர்ட் நன்றாக இருப்பது பழைய கட்டுப்பாட்டின் பலன். இப்படியே விட்டுக்கொண்டு போனால் அடுத்த வருடத் தாளில் தெரியும்.

இனி உங்களை அதிகம் உறுத்துகிற கேள்வி, இன்னொரு பெயர் வேண்டுமா என்பது.

பட்டப்பெயர் என்றால் வேண்டாம். சிகிச்சை என்றால் வேண்டும். சிகிச்சைக்குப் போனால் பெயர் வந்துவிடும் என்கிற பயத்தை நான் அலட்சியமாகப் பேசப் போவதில்லை, நம் ஊரில் வாய்கள் எப்படி என்று எனக்கும் தெரியும். ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு வசதி இருக்கிறது, அதைக் கவனியுங்கள். நீங்கள் எப்படியும் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள். அங்கே உங்களைத் தெரிந்தவர்கள் குறைவு. மாத்திரை வாங்கப் போகும் அதே நாளில், ஏ.ஆர்.டி. டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு மனநலப் பிரிவுக்குப் போய்விடலாம். வீட்டுக்கு ஒரே பயணம், ஒரே காரணம். அவ்வளவு தூரம் முடியாத நாளில், மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் வட்ட அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருவார். எந்த நாள் என்று நர்ஸம்மாவுக்குத் தெரிந்திருக்கும். எதற்கும் துணிவு வரவில்லையா, 14416இலேயே ஆரம்பியுங்கள். எங்கே போனாலும் எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுவதை மனநல டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு மருந்தும் ஒத்துப்போக வேண்டும் இல்லையா, அதற்காக. அதை அவர் வெளியே சொல்லக் கூடாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் சரி, அதே ஆண்டின் மனநலச் சட்டமும் சரி, உங்கள் ரகசியத்துக்குக் காவலாக நிற்கின்றன.

உள்ளே போனதும் என்ன பேசுவது என்று திணறிப்போய் 'ஒண்ணுமில்ல சார், கொஞ்சம் அசதி' என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரையோடு திரும்பி வந்துவிடுவீர்கள். இதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதனால் இந்த வரிகளை அப்படியே சொல்லுங்கள்: "சார், ஏழெட்டு மாசமா விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது. முன்ன செஞ்ச வேலையில பாதிகூடச் செய்ய முடியல. சில நாள் செத்துப்போனாத் தேவலைன்னு இருக்கு." இதைக் கேட்ட பிறகு எந்த டாக்டரும் தாளை மட்டும் பார்த்து அனுப்ப மாட்டார்.

அவர் மருந்து எழுதக்கூடும். எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் மாதிரி ஒன்று. இவை தூக்க மாத்திரை இல்லை, பழக்கத்துக்கு அடிமையாக்காது. உங்கள் எச்.ஐ.வி. மாத்திரையோடு பொதுவாகத் தகராறும் பண்ணாது. முதல் வாரம் வயிறு கொஞ்சம் புரட்டும், லேசாகத் தலை சுற்றும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இந்த இடத்தில்தான் பலர், 'பத்து நாள் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். நிறுத்துவதையும் டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம்.

மருந்து பாதிதான். மீதி உங்கள் கையில் இருக்கிறது என்று சொன்னால், 'கைதானே ஓட மாட்டேன் என்கிறது' என்பீர்கள். சரி, அதைப் பேசுவோம்.

மனசு சரியானால் வேலை செய்யலாம் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். மனச்சோர்வில் இது தலைகீழாக வேலை செய்யும். வேலை நின்றால் கூலி நிற்கிறது, தெருப் பெண்களோடு பேச்சு நிற்கிறது, இன்றைக்கு இவ்வளவு முடித்தேன் என்கிற திருப்தி நிற்கிறது. அதனால் மனசு இன்னும் கீழே போகிறது, அதனால் இன்னும் வேலை நிற்கிறது. இழுவை பிடிக்காத மோட்டாருக்கு முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித்தானே ஓட விடுகிறோம், அதுபோல மனசு வராமலேயே சின்னதாக ஏதாவது செய்ய ஆரம்பித்தால் பின்னாலேயே மனசும் கொஞ்சம் வரும். நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர் விக்ரம் படேலும் அவரோடு இருந்தவர்களும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறிலிருந்து எட்டு முறை உட்கார்ந்து, விட்டுப்போன வேலைகளைச் சிறிது சிறிதாகத் திரும்பப் பிடிக்க வைத்தார்கள். அந்த முடிவு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

உங்களுக்கு எப்படி? எந்நேரம் தூங்கியிருந்தாலும் காலை ஆறு மணிக்குப் பாயைச் சுருட்டிவிடுங்கள். பகலில் படுக்க வேண்டும் என்றால் அரை மணி நேரம் போதும். முகம் கழுவிக் கதவைத் திறந்து வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு செம்புதான். முழு வாசலும் வேண்டாம், கோலம் வேண்டவே வேண்டாம். 'ஒரு செம்பு தெளித்தால் என்ன ஆகிவிடப் போகிறது' என்று மனசு சொல்லும். அது பாட்டுக்குச் சொல்லட்டும், நீங்கள் தெளியுங்கள். நான்கைந்து நாள் கழித்து உங்களுக்கே கை நீண்டால் இன்னும் கொஞ்சம் செய்யலாம். நீளாவிட்டால் ஒரு செம்பே போதும்.

புளி வேலையை வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து செய்யாதீர்கள். நாலு பெண்கள் கூடி உடைக்கிற திண்ணைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் உட்காருங்கள். செல்போனில் இருபது நிமிடத்துக்கு மணி வையுங்கள். அந்த இருபது நிமிடம் ஓடு உடைப்பது, நாரை உருவுவது, கொட்டை எடுப்பது, அவ்வளவுதான். மணி அடித்தால் எழுந்து தண்ணீர் குடியுங்கள், தோன்றினால் இன்னொரு இருபது நிமிடம். முன்பு போட்ட எடையோடு ஒப்பிடவே கூடாது. நேற்றைய எடையோடு மட்டும் பாருங்கள், அதுவும் தேவைப்பட்டால். பேச்சில் கலந்துகொள்ள முடியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் ஆள் இருக்கிற சத்தமே போதும். யாராவது 'என்ன ரொம்ப நாளா காணோம்' என்று கேட்டால், 'தூக்கமே இல்லக்கா, டாக்டர்கிட்ட காட்டிட்டிருக்கேன்' என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, ரகசியமும் வெளியே போகவில்லை. அடுப்பில் களிக்கு உலை வைத்தாலும் இதே போன் மணியை வைத்துவிடுங்கள்.

தினசரி காலண்டரில் கிழிக்கிற தாள் இருக்கிறதல்லவா, அதைத் தூக்கிப் போடாமல் பின்பக்கத்தில் மூன்று விஷயம் குறியுங்கள்: எத்தனை மணிக்கு விழித்தீர்கள், மாத்திரை போட்டாயிற்றா, அன்றைக்குச் செய்த ஒரு வேலை. எழுத்துக் கூட்டச் சிரமம் என்றால் டிக் போட்டாலும் சரி. டாக்டரிடம் போகும்போது அந்தத் தாள்களை ஒரு கிளிப் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தப் பரிசோதனைத் தாளில் இல்லாதது எல்லாம் அதில் இருக்கும்.

மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் இருட்டில் புரண்டுகொண்டே கிடக்க வேண்டாம். எழுந்து உட்காருங்கள், செல்போனைத் தொடாதீர்கள், தூக்கம் வருகிற மாதிரி இருந்தால் திரும்பப் படுங்கள். மாலை நான்கு மணிக்குப் பிறகு டீ வேண்டாம். அந்நேரத்தில் வருகிற யோசனைகளை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

மாமியாரைப் பற்றி. அவர் சொல்கிற சொல் உங்களைக் குத்துகிறது, நியாயம்தான். அவரும் மகனைப் பறிகொடுத்தவர் என்பதையும் நான் மறக்கவில்லை. அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். மனச்சோர்வு என்றால் புரியாது. 'கிருமிக்கு மருந்து கேக்குது அத்தை, தூக்கத்துக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் தனியா மருந்து வேணும்னு டாக்டர் சொல்றார்' என்று சொன்னால் புரியும். மருத்துவ அகராதிப்படி இது சரியான பெயர் இல்லை. வீட்டில் சண்டை குறைந்தால் எனக்கு அது போதும். முடிந்தால் ஒரு முறை அவரை மையத்து ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது கோட்டு போட்டவர் சொன்னால் ஏறும்.

கொழுந்தனார் விஷயத்தில் நான் இவ்வளவு சமாதானமாகப் பேச மாட்டேன். எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்குத் தான் வாழும் குடும்ப வீட்டில் தொடர்ந்து இருக்க உரிமை உண்டு. வீட்டிலிருந்தோ வீட்டின் ஒரு பகுதியிலிருந்தோ அவரை ஒதுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. கணவர் பங்குச் சொத்து தனிக் கணக்கு. அதில் உங்களுக்கும் மகனுக்கும் என்ன உரிமை என்று மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் பேசலாம். ஆனால் இப்போதே வழக்கு என்று கிளம்ப வேண்டாம். முதலில் தூக்கம் திரும்பட்டும். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், கோபத்தில் பெட்டி கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கும் போய்விடாதீர்கள். விதவை ஓய்வூதியம் வாங்குகிறீர்களா என்று எழுதவில்லை. 2023இல் அதை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். வாங்காவிட்டால் தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். கையில் சொந்தக் காசு இருந்தால் இந்தப் பேச்சுகளுக்குப் பாதி பலம் போய்விடும்.

மகனிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் இப்போது அதைக் கிளறவில்லை. ஒரு நாள் சொல்ல வேண்டிவரும், நீங்கள் தேறிய பிறகு, ஆலோசகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இப்போதைக்கு அம்மாவுக்குத் தூக்கமில்லை, சிகிச்சை நடக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தால் போதும். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம் கவனிக்கிறார்கள். வாசல் தெளிக்காததை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

மையத்து ஆலோசகரிடம் இன்னொன்றும் கேளுங்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களின் மாவட்டக் கூட்டமைப்பு பற்றி. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி, கணவர் மூலம் எச்.ஐ.வி. வந்தவர், 1998இல் இப்படிப்பட்ட பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவரைப் போல ஊரறியப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது எல்லோராலும் ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை. பொய் சொல்லாமல் அரை மணி நேரம் பேச ஒரே ஒரு பெண் கிடைத்தாலும் உங்கள் காவல் வேலை கொஞ்சம் இறங்கும். எச்.ஐ.வி. பற்றிய எந்தச் சந்தேகத்துக்கும் 1097 இருக்கிறது, காசில்லாத எண்.

அடுத்த மாத்திரைத் தேதி இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று உங்கள் அட்டையைப் பாருங்கள். பத்து நாளைக்கு மேல் இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு நாள், புளிக் கூலி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டாவது கிளம்புங்கள். தேதிக்கு முன்னால் ஏன் வந்தாய் என்று மையத்தில் கேட்டால், மேலே எழுதிக் கொடுத்த மூன்று வரிகளைச் சொல்லுங்கள்.